ரெட்டை விசில்

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி உக்காருங்க. ஏ பாப்பாத்தி, மலையில ரேசு ஆபீசுல இருந்து ஆள் வந்திருக்காரு, காப்பி வை. சர்க்கரை போடலாமுங்களா? போடு, போடு, சின்ன வயசுதானே.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. துளசிமணி அப்பீல் போட்டிருக்குது. ரேசுல குதிரை ஓட்டற லைசென்சு அந்தப் புள்ளைக்கு உண்டா இல்லையான்னு வர்ற திங்கக்கிழமை முடிவாயிரும். ரேசு அன்னைக்கு அந்த வேலியோரத்துல நின்னது ரெண்டே பேரு. ஒண்ணு அவங்கப்பன் சென்னியப்பன், இன்னொண்ணு நான். விசில் சத்தம் கேட்டுதா, கேட்டுதுன்னா ஊதினது யாரு. அவ்வளவுதானே உங்க கேள்வி? ஒத்த வரியில பதில் சொல்லிரலாம். ஆனா ஒத்த வரியில சொன்னா என்னைய நீங்க தப்பா நினைச்சுப்போடுவீங்க. அதனால மொதல்ல இருந்து சொல்றேன். அந்தக் காயிதம் உங்க மடியிலேயே இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.

நான் ராக்கியப்பன், கண்டக்டருங்க. முப்பத்தோரு வருச சர்வீசு, இந்தப் பிப்ரவரியோட ரிட்டையர் ஆயிட்டேன். அதுல பத்தொம்பது வருசம் ஒரே டிரைவர், சென்னியப்பன். ரெண்டு பேருக்கும் மலை ரூட்டு. காலையில ஏறி, மத்தியானம் எறங்கி, சாப்பிட்டுப்போட்டு மறுபடியும் ஏறுவோம். கட்டின பொண்டாட்டி கூட நான் அவ்வளவு நேரம் இருந்ததில்லை. நான் பொய் சொல்றனான்னு இவளையே கேளுங்க, அடுப்படியில இருந்து மொறைக்கிறா பாருங்க.

மலை ரூட்டுல டிரைவருக்கு முன்னாடிதாங்க கண்ணு. பின்னாடிக் கண்ணு கண்டக்டர். வளைவுல எதிர்க்க லாரி வந்து நின்னுக்கிச்சுன்னா வண்டியைப் பின்னால எடுக்கோணும். பின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ஒரு முழந்தான் இருக்கும். நான் எறங்கி நின்னு விசில் குடுப்பேன். ஒரு விசிலுன்னா நில்லு, ரெண்டுன்னா போ. சென்னியப்பன் அந்த நேரத்துல கண்ணாடியைக் கூடப் பார்க்க மாட்டான். உள்ள அம்பது உசுரு உக்காந்திருக்கும், அவன் பாட்டுக்கு என் விசிலை நம்பி எடுத்துட்டு வருவான். பஸ் ஸ்டாண்டுல நாப்பது வண்டி நிக்கும், நாப்பது கண்டக்டரும் ஊதுவான். அவன் கியர் போடறது என் விசிலுக்கு மட்டுந்தான். எங்க டிப்போ மெக்கானிக்கு ஹனீபா ஒரு நாள் வேணும்னே என்னைய மாதிரி ஊதிப் பார்த்தான். சென்னியப்பன் அசையவே இல்லை. அந்த அளவுக்கு ஒட்டுங்க எங்களுக்கு.

அப்பேர்ப்பட்டவன் இன்னைக்குப் பதினோரு வாரமா என்கூடப் பேசறதில்லை. அடுத்த தெருவுலதான் வீடு. நான் பால் வாங்கப் போனா அவன் அந்தாலே திரும்பிப் போயிர்றான். என்ன தப்புப் பண்ணினேன் நானு? சொல்லுங்க பார்க்கலாம்.

நான் அவனுக்குச் செஞ்சது ஒண்ணா ரெண்டா? பல வருசத்துக்கு முந்தி எங்க வண்டியில ஒரு வயசான அம்மா படியில எறங்கிட்டு இருந்துது. வண்டி நகந்துருச்சு. அந்தம்மா விழுந்து இடுப்பெலும்பு போயிருச்சு. டிப்போவுல என்கொயரி. விசில் வர்றதுக்கு முந்தி நானாத்தான் வண்டியை எடுத்தேன்னு சென்னியப்பன் எழுதிக் குடுத்துட்டான். மூணு மாசம் சஸ்பென்ட். அந்த மூணு மாசமும் அவன் வீட்டுக்கு அரிசி கொண்டு போய்ப் போட்டது யாருன்னு கேளுங்க. நானுங்க. யூனியன் ஆபீசு ஆபீசா நடந்து, வேலை போகாம பார்த்துக்கிட்டதும் நானுங்க.

விசிலா? குடுத்தனுங்க. இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? திருவிழாக் கூட்டம், டிக்கெட்டுப் போடற அவசரம், எறங்கியாச்சுன்னு நெனச்சுக் குடுத்துட்டேன். ஆனா டிரைவருன்னா பக்கத்துல ஒரு கண்ணாடி இருக்குதில்லீங்க? ஒரு பார்வை பார்த்து எடுக்கோணும். அப்படியும் நான் ஒரு நாளும் அவனைக் குறை சொன்னதில்லை. எங்க பொழப்புல அது ஒரு வழக்கம். செக்கிங் வந்தாலும் சரி, மெமோ வந்தாலும் சரி, ஒரே வண்டிக்காரங்க ஒருத்தனை ஒருத்தன் காட்டிக் குடுக்க மாட்டோம். மொதல்ல ஒருத்தன் என்ன சொல்றானோ அதையேதான் அடுத்தவனும் சொல்லோணும்.

சரி, துளசிமணிக்கு வர்றேன். அவனுக்கு ஒரே பொண்ணு. எனக்குப் புள்ளை குட்டி இல்லீங்க. அது என் தோள் மேல வளந்த புள்ளை. டிகிரி முடிச்சுது. பேங்க் பரிச்சை எழுதும்னு இவன் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தான். அது மலையில ஒரு குதிரை லாயத்துல ஆபீசு வேலைக்குப் போச்சு. ஆறே மாசம், ஆபீசை விட்டுட்டுக் குதிரை மேல ஏறிருச்சு. விடியால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, ரேசுக் குதிரைங்களை ஓட்டிப் பழக்கற வேலை. சென்னியப்பனுக்கு விசயம் தெரிஞ்சதும் சாமியாட்டம் ஆடிட்டான். பத்தொம்பது வருசம் பள்ளத்தைப் பார்த்தே வண்டி ஓட்டினவனுங்க, விழுந்தா என்ன ஆகும்னு அவனுக்குத்தான் தெரியும். புள்ளை கூடப் பேச்சை நிறுத்திட்டான். ரெண்டு வருசம்.

ஏப்ரல் கடைசியில துளசிமணி எனக்குப் போன் பண்ணுச்சு. மே மாசம் அதுக்கு மொதல் ரேசாம். பொண்ணு ஒண்ணு ஓட்டுதுன்னு எல்லார் கண்ணும் அது மேலதானாம். செயிக்கக்கூட வேண்டாம், கோளாறு இல்லாம ஓட்டி முடிச்சாப் போதும், லைசென்சு நிரந்தரமாயிரும், இல்லைன்னா லாயத்துல சாணி அள்ள வேண்டியதுதான்னு சொல்லுச்சு. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, 'அப்பா வந்து பார்த்தாப் போதும் மாமா, பேசக்கூட வேண்டாம்'னு சொல்லுச்சு. நான் கூட்டிட்டு வர்றேன் சாமின்னேன்.

சொன்னா வருவானா? அதனால சொல்லலை. சும்மா ஒரு நாள் மூணு பேருமா மலைக்குப் போயி, குளுகுளுன்னு சுத்திட்டு, பொழுதோட வந்துரலாம்னேன். மூணாவது ஆளு ஹனீபா. அவன் வீட்டுல இருந்து பிரியாணி கொண்டு வந்தான். குதிரைக்குக் குடுக்கறதுக்குன்னு ஒரு கிலோ கேரட்டும் வாங்கி வெச்சிருந்தான், ரேசுக் குதிரைக்கு யாரு இவனைக் கேரட்டு குடுக்க விடப் போறாங்க? நாங்க மூணு பேரும் பயணியா உக்காந்து போறது அதுதான் மொதல் தடவை. வளைவுக்கு வளைவு சென்னியப்பன் காலு இல்லாத பிரேக்கை அமுக்குது. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். அவனும் சிரிச்சான். அவன் சிரிச்சு நான் கடைசியாப் பார்த்தது அன்னைக்குத்தான்.

அந்த மைதானம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே, சின்ன எடம். உள்ள போனதும் ஹனீபா குதிரைங்க பேரெல்லாம் போட்ட ரேசு சீட்டை வாங்கி அவன் கையில குடுத்துட்டான். பார்த்தான். அஞ்சாவது ரேசு, ஆறாம் நம்பர் குதிரை, ஓட்டறது எஸ். துளசிமணி. மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டான். கத்துவான், திரும்பிப் போயிருவான்னு நான் பயந்துட்டு நின்னேன். அவன் ஒண்ணும் பண்ணலை. கூட்டத்துக்குள்ள என்னால நிக்க முடியாது, பொறப்படற எடத்துல ஓரமா நின்னுக்கறேன்னான். முடியற எடம் வேண்டாம், எடுக்கறதை மட்டும் பார்த்துப்போட்டு அங்கிட்டுத் திரும்பிக்கறேன்னான்.

அதனால மூலையில இருக்கற அந்த வேலிக்குப் போனோம். குதிரைங்க பொறப்படற கூண்டு அங்கிருந்து இருபதடி. ஹனீபா ஆறாம் நம்பர் மேல பணங்கட்டிட்டு டீ வாங்கிட்டு வர்றேன்னு போயிட்டான். நானும் இவனுந்தான் நின்னோம். சத்தம் போடாதீங்கன்னு அங்க ஒரு பலகை வெச்சிருந்தாங்க, கூண்டுக்குள்ள குதிரைங்க மெரண்டுக்குமாம்.

துளசிமணி வந்துதுங்க. செவலைக் குதிரை, பொட்டை. பச்சைச் சட்டை, தலையில தொப்பி, ஆளே அடையாளம் தெரியலை. வேலியோரமா வந்தப்ப அவங்கப்பனைப் பார்த்துருச்சு. சிரிக்கலை. தொப்பியை ஒரு விரலால தொட்டுச்சு, அவ்வளவுதான். இவன் கையைத் தூக்கினான். பாதி தூக்கி, அப்படியே வெச்சிருந்தான். ரெண்டு வருசத்துக்கு அப்புறமுங்க. என் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்புறந்தான் தொரட்டு. மத்த குதிரை எல்லாம் கூண்டுக்குள்ள போயிருச்சு. ஆறாம் நம்பர் மட்டும் போக மாட்டேங்குது. சுத்திச் சுத்தி வருது, பின்னங்காலை ஒதைக்குது. மூணு ஆளு பின்னாடி நின்னு தள்றாங்க. புள்ளை குனிஞ்சு குதிரை காதுல என்னமோ பேசிட்டே இருக்குது. சென்னியப்பன் வேலிக் கம்பியைப் புடிச்ச புடியில கை வெளுத்துப்போச்சு. மூச்சு விடறானான்னே தெரியலை. எனக்கு மட்டும் என்ன? ஏறு சாமி, உள்ள போ சாமின்னு மனசுக்குள்ள சொல்லிட்டே நிக்கறேன். ஒரு வழியா உள்ள போச்சு. பின் கதவைத் தடார்னு சாத்தினாங்க. எல்லாரும் ஏறியாச்சு, கதவு சாத்தியாச்சு.

அப்பத்தானுங்க விசில் சத்தம்.

எங்கிருந்து வந்துதுன்னு என்னைக் கேக்காதீங்க. மைதானத்துல போலீசுக்காரர் இருந்தாரு. பலூன் விக்கறவன் இருந்தான். பீப்பீ வெச்சுக்கிட்டுக் கொழந்தைங்க இருந்துச்சு. எங்கிருந்தோ வந்துது, அவ்வளவுதான். கூண்டோட முன்கதவு தொறக்கலை, அதுக்குள்ள அந்தக் குதிரை பாய்ஞ்சுது. கதவுல மோதி, முன்னங்காலைத் தூக்கி நேரா நின்னுக்கிச்சு. புள்ளை பின்னாடி இரும்புல போய் அடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டுதுங்க. இப்பவும் கேக்குது. குதிரை ஆளில்லாம கதவை ஒடைச்சுட்டு ஓடுது. நாலு பேரு புள்ளையைத் தூக்கி வெளிய படுக்க வெச்சாங்க. சென்னியப்பன் வேலியைத் தாண்டிப் போகலை. அவன் மெதுவாத் திரும்பி என்னையப் பார்த்தான்.

காரை எலும்பு முறிஞ்சிருச்சு. உசுருக்கு ஒண்ணும் இல்லை. கட்டுப் போட்ட கையோட, ஒரு மணி நேரங்கூட ஆகலை, ஆபீசு ரூமுக்குக் கூட்டிட்டு வந்து விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் உங்க ஆபீசருங்க மூணு பேரு. புள்ளைக்கு ஒதடெல்லாம் வெளுத்திருந்துது, ஆனா பேச்சு தெளிவு. குதிரை சும்மாத்தான் நின்னுது, யாரோ பக்கத்துல விசில் ஊதினாங்க, அதுலதான் மெரண்டுதுன்னு சொல்லுச்சு. கூண்டுக்கிட்ட நின்ன ஆளுங்க எங்களுக்குத் தெரியாது, தள்ளற மும்முரத்துல இருந்தோம்னுட்டாங்க. வேலியோரம் நின்ன ரெண்டு பேரு யாருன்னு கேட்டு எங்களைக் கூப்பிட்டாங்க. சென்னியப்பனைத்தான் மொதல்ல கேட்டாங்க.

அவன் திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தான். நான் கீழ பார்த்துட்டு நின்னேன், மொசைக் தரை, நல்லாக் கூட்டாம வெச்சிருந்தாங்க. அவன் காத்துட்டே நின்னான். என்னத்துக்குக் காத்திருந்தான்னு எனக்கு இன்னைக்கும் தெரியலை. அப்புறம் சொன்னான்.

'எனக்கு எந்தச் சத்தமும் கேக்கலீங்க.'

'அப்பா'ன்னுச்சு அந்தப் புள்ளை. ஒரே ஒரு தடவை.

அடுத்தது என்னையக் கேட்டாங்க. அவன் சொன்னதையே நானும் சொன்னேன். வேற என்ன சொல்வேன்? ஒரே வண்டிக்காரங்க ரெண்டு பேச்சு பேசுவாங்களா? குதிரையை அடக்கத் தெரியலை, பயிற்சி பத்தாதுன்னு எழுதி, லைசென்சை நிறுத்திட்டாங்க. அவங்கப்பனே கேக்கலைன்னு சொன்னப்புறம் அவங்க மேலயும் தப்புச் சொல்ல முடியாதில்லீங்க.

எறங்கி வர்றப்ப பஸ்ஸுல மூணு பேரு சீட்டு காலியாக் கெடந்துது. சென்னியப்பன் போயி முன்னாடி தனியா உக்காந்துக்கிட்டான். ஹனீபா என்னன்னு கேட்டான், நான் ஒண்ணுமில்லைன்னேன். பிரியாணியை யாரும் பிரிக்கவே இல்லை. அன்னைக்கு நிறுத்தினவன்தான், இன்னும் பேசலை. நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன். அவன் சொன்னதைத்தானே நானும் சொன்னேன்? இதுல எங்க மேல என்ன கோவம்? எங்க மேலன்னா, என் மேல.

காப்பி ஆறுது பாருங்க. குடிங்க. ஆங், அந்தக் காயிதமா? என் கண்ணாடி ஒடைஞ்சு கெடக்குது, நீங்களே படிங்க. சத்தமாவே படிங்க, இவளும் கேக்கட்டும்.

என்னங்க? மறுபடியும் படிங்க.

'விசில் ஊதினது நானே. பக்கத்தில் நின்ற ராக்கியப்பனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.' சென்னியப்பன் கையெழுத்துத்தானா அது? காட்டுங்க. ஆமா, அவன் கையெழுத்துதான், அந்தக் கொம்பு அவன்தான் அப்படிப் போடுவான்.

சரி. இப்ப நான் என்ன செய்யோணும்? ஆமா, நான் பார்த்தேன்னு சொன்னாப் போதுமா? அதுக்கப்புறம் புள்ளைக்கு லைசென்சு வந்துருமா? நிச்சயமா? அப்பச் சரிங்க, நல்லதாப் போச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்க? ஆயுசுக்கும் மைதானத்துக்குள்ள விட மாட்டீங்களா? அப்ப அந்தப் புள்ளை ஓட்டறதை அவன் எப்பத்தான் பார்க்கறது? அது சரி, ரூல்சுன்னா ரூல்சுதான். துளசிமணிக்கு இது தெரியுமா? படிச்சுக் காட்டிட்டீங்களா? என்ன சொல்லுச்சு?

வேணும்னே ஊதினாருன்னு சொல்லுச்சா. தன்னைய ஓட்ட விடக்கூடாதுன்னு அப்பாவே ஊதினாருன்னு.

சித்த இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

சரி, எழுதிக்கங்க. அவனே ஒத்துக்கிட்டப்புறம் நான் என்னத்துக்குக் குறுக்க நிக்கறது? ஆமான்னு எழுதுங்க. எதை வெச்சு ஊதினான்னும் எழுதோணுமா? அதுல என்ன போட்டிருக்கான்? வெரலை வாயில வெச்சா? சென்னியப்பனா? அட, யாரு தம்பி இதையெல்லாம் நம்பறது? டிரைவரு கிட்ட ஏதுங்க விசிலு? வெரலை வெச்சு ஊதறதுக்கு நான் அவனுக்குப் பத்தொம்பது வருசமா சொல்லிக் குடுத்துப் பார்த்துட்டேன், எச்சிதான் தெறிக்கும், சத்தம் வராது. அன்னைக்கு வந்தது சும்மா விசிலா? சுத்தமான டபுள் விசிலு. நூறடி தாண்டிக் கேட்டிருக்கும். அப்படி ஊதறதுக்கு அவனால ஆகுமா? இந்த ரூட்டுலயே என்னைய விட்டா ஆளு கெடையாதுங்க.

ஏன் தம்பி எழுதறதை நிறுத்திட்டீங்க?

பாப்பாத்தி, நீ என்னத்துக்கு அங்க நின்னு பார்க்கறே? உள்ள போ. போன்னு சொல்றனில்ல.

சரி, இருக்கட்டும். நில்லு. நீயும் கேட்டுக்க.

எழுதுங்க தம்பி. அந்த விசிலை ஊதினது ராக்கியப்பன். பழக்கத்துல சட்டைப் பாக்கெட்டுலேயே வெச்சிருந்தேன். கதவு சாத்தற சத்தம் கேட்டதும் கை தானாப் போயிருச்சு. இல்லீங்க, கை போச்சுன்னு எழுத வேண்டாம். நான் ஊதினேன்னே எழுதுங்க. அவனுக்கு நல்லாத் தெரியும். அந்த ரூமுல நான் வாயைத் தொறப்பேன்னு காத்துட்டு நின்னான், நான் தரையைப் பார்த்துட்டு நின்னுட்டேன். அதையும் எழுதுங்க. மைதானத்துக்குள்ள விடக்கூடாதுங்கறதை என் பேருக்கு மாத்திக்கங்க. பேனாவைக் குடுங்க. எங்க போடோணும், இங்கயா?

துளசிமணிக்கு நீங்க படிச்சுக் காட்ட வேண்டாம். காட்டறதுக்கு முந்தி நான் போகோணும். அந்தப் புள்ளை மூஞ்சியைப் பார்க்கறதுக்கு எனக்குப் பயமா இருக்குது தம்பி, பொய் சொல்லலை. மொதல்ல அடுத்த தெருவுக்குப் போறேன். அவன் கதவைத் தொறக்க மாட்டான். தொறக்கற வரைக்கும் வாசல்ல நிக்கறேன். அவனைக் கூட்டிட்டுப் போயி அந்தப் புள்ளை முன்னாடி நிறுத்தி, உங்கப்பன் உன்னையக் கெடுக்கலை சாமி, நாந்தான் கெடுத்தேன்னு சொல்லோணும். அதுக்கப்புறம் அது என்னைய மாமான்னு கூப்புடுதோ, இல்லையோ.